இரண்டு ஜனாதிபதிகள், ஒரே வெளியுறவு அமைச்சர்: அப்துலஜீஸ் கமிலோவும் மத்திய ஆசியாவின் அண்டை உறவுகளும்

உஸ்பெகிஸ்தானின் முதல் ஜனாதிபதி இஸ்லாம் கரிமோவ் இறந்த செய்தி 2016 செப்டம்பர் 2 அன்று வெளியானது. 25 ஆண்டுக்கு மேல் ஒரே கை ஆண்ட நாடு. ஆறு நாள் கழித்து, அதுவரை பிரதமராக இருந்த ஷவ்கத் மிர்சியோயெவ் இடைக்கால ஜனாதிபதி ஆனார். அந்த மாதம் முடிவதற்குள் வெளியுறவு அமைச்சர் அப்துலஜீஸ் கமிலோவ் தாஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேக்குப் போய் ஜனாதிபதி எமோமலி ரஹ்மோனைச் சந்தித்தார். அக்டோபர் தொடக்கத்தில் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனார். பல வருடங்களாக உஸ்பெகிஸ்தானோடு முகம் கொடுத்துப் பேசாத இரண்டு அண்டை நாடுகள் அவை.

கொள்கை மாறும்போது ஆளை மாற்றுவதுதான் அரசுகளின் வழக்கம். இங்கே அது நடக்கவில்லை. கரிமோவின் கறாரான பேச்சை அண்டை நாடுகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்த அதே மனிதர், "வாருங்கள், பேசலாம்" என்ற செய்தியையும் கொண்டு போனார். மத்திய ஆசியாவில் ஒரு வெளியுறவு அமைச்சருக்கு உண்மையில் என்ன வேலை, எவ்வளவு அதிகாரம், எங்கே எல்லை என்பதைப் பார்க்க கமிலோவைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். 1994 முதல் 2003 வரை ஒரு முறை, 2012 முதல் 2022 வரை இன்னொரு முறை, ஏறக்குறைய 19 ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

பள்ளிக்கூடம்: பெய்ரூட், டமாஸ்கஸ், மாஸ்கோ

கமிலோவ் 1947 நவம்பரில் உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு அருகே உள்ள யாங்கியூலில் பிறந்தவர். மாஸ்கோவில் கீழ்த்திசை மொழிகள் படித்தார், அரபு தெரியும். 1970களில் லெபனானிலும் 1980களில் சிரியாவிலும் சோவியத் தூதரகங்களில் வேலை பார்த்தார். சோவியத் அரசுக்கு இப்படிப்பட்ட ஆட்கள் இரண்டு வகையில் பயன்பட்டார்கள். மொழி தெரியும் என்பது ஒன்று. "எங்கள் நாட்டில் முஸ்லிம்கள் எப்படி முன்னேறியிருக்கிறார்கள், பாருங்கள்" என்று அரபு நாடுகளிடம் காட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. பிறகு மாஸ்கோ வெளியுறவு அமைச்சகத்தின் மத்திய கிழக்குப் பிரிவு, அப்புறம் உலகப் பொருளாதாரமும் சர்வதேச உறவுகளும் பற்றிய மாஸ்கோவின் பெரிய ஆய்வு நிறுவனம்.

1991இல் நாடு திடீரென்று சுதந்திரமாகி நின்றபோது, வெளிநாட்டில் தூதரக வேலை பார்த்த அனுபவமுள்ள உஸ்பெக்குகள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். கமிலோவ் முதலில் மாஸ்கோவில் உள்ள உஸ்பெக் தூதரகத்துக்குப் போனார். 1992 முதல் 1994 வரை தேசியப் பாதுகாப்புச் சேவையின் துணைத் தலைவர். வாழ்க்கைக் குறிப்புகளில் ஒற்றை வரியில் கடந்துபோகிற இந்த இரண்டு ஆண்டுகள், என் பார்வையில், முக்கியமானவை. தாஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அண்டை நாடுகளை முதலில் ஆபத்தாகவும் பிறகுதான் வாய்ப்பாகவும் பார்க்கும் கரிமோவ் காலத்து மனநிலை உருவானது அப்போதுதான். 1994இல் வெளியுறவு அமைச்சரானவர் அந்த மனநிலைக்குள்ளிருந்து வந்தவர்.

முதல் சுற்று

முதல் ஒன்பது ஆண்டுகளில் அவர் கையில் எடுத்த விஷயங்கள் பல. அவற்றில் இரண்டு இன்றும் நிற்கின்றன.

ஒன்று, அணு ஆயுதமற்ற மண்டலம். கரிமோவ் 1993இல் ஐ.நா. பொதுச்சபையில் முன்வைத்த யோசனை இது. 1997 செப்டம்பரில் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளின் (உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான்) வெளியுறவு அமைச்சர்களும் தாஷ்கண்டில் கூடி அதற்கான அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 2006இல், சோவியத் அணுகுண்டுச் சோதனைகள் நடந்த கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில். நடைமுறைக்கு வந்தது 2009இல். ஐந்து நாடுகளும் தண்ணீருக்கும் எல்லைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதி முடித்த ஒப்பந்தம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது, ஆப்கானிஸ்தான். அதன் ஆறு அண்டை நாடுகளும் அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்த "ஆறு கூட்டல் இரண்டு" குழு 1999 ஜூலையில் தாஷ்கண்டில் கூடியது. தாலிபானும் அதை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணியும் ஆள் அனுப்பின. தீர்வு ஏதும் வரவில்லை. சில நாள்களிலேயே தாலிபான் மீண்டும் தாக்குதலில் இறங்கியது. ஆனால் "பிடிக்கிறதோ இல்லையோ, காபூலில் யார் இருக்கிறாரோ அவரோடு பேசியாக வேண்டும்" என்கிற உஸ்பெக் பழக்கம் இங்கே தொடங்குகிறது. 20 வருடம் கழித்து அது கைகொடுத்தது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கர்ஷி-கானாபாத் விமான தளம் அமெரிக்கப் படைகளுக்குத் திறக்கப்பட்டது. 2002 மார்ச்சில் வாஷிங்டனில் கமிலோவும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவலும் மூலோபாயக் கூட்டாளித்துவப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். உஸ்பெக் ராஜதந்திரம் அமெரிக்காவுக்கு இவ்வளவு நெருக்கமாகப் போனது அதற்கு முன் கிடையாது.

அதை அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2003இல் கமிலோவ் பதவியை விட்டு வாஷிங்டனுக்குத் தூதராகப் போனார். 2005 மே மாதம் உஸ்பெகிஸ்தானின் ஆண்டிஜான் நகரில் கூட்டத்தின் மீது படைகள் சுட்டன. அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 187, மனித உரிமை அமைப்புகள் பல நூறு என்றன. மேற்கு நாடுகள் சுதந்திர விசாரணை கேட்டன, கரிமோவ் மறுத்தார். ஜூலையில் விமான தளத்தைக் காலி செய்ய அமெரிக்காவுக்கு 180 நாள் கெடு கொடுத்தார். மூன்று வருடம் முன்பு தான் கையெழுத்திட்ட உறவு உடைந்து நொறுங்கியபோது கமிலோவ் வாஷிங்டனில் அந்த அரசின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார். விலகவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. இதைத் தொழில் ஒழுக்கம் என்று சொல்வார்கள் சிலர். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆண்டிஜானை நியாயப்படுத்திய ஒரு அரசின் குரலாக இருந்தது அவருடைய கணக்கில் இருக்கிற கடன்தான். ஆனாலும் 2010 வரை அங்கேயே தங்கி, ஆப்கானிஸ்தானுக்குச் சரக்கு அனுப்ப அமெரிக்கா வடக்குப் பாதை தேடி வந்த காலம்வரை அவர் தாக்குப்பிடித்தார்.

மூடிய எல்லைகளின் காலம்

2012இல் அமைச்சர் பதவிக்குத் திரும்பினார். அந்த ஆண்டே உஸ்பெகிஸ்தான் ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பில் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. ராணுவக் கூட்டணியில் சேர மாட்டோம், மண்ணில் அந்நியத் தளம் இருக்காது, நம் படை வெளியே போகாது என்ற புதிய வெளியுறவுக் கோட்பாடும் அப்போது வந்ததுதான். இந்தக் கோட்பாட்டை மிர்சியோயெவும் கைவிடவில்லை.

பெரிய நாடுகளோடு இப்படி எட்ட நின்ற அரசு, பக்கத்து நாடுகளோடு முறைத்துக்கொண்டு நின்றது. காரணம் புரிய வரைபடம் வேண்டும். மத்திய ஆசியாவின் மற்ற நான்கு நாடுகளையும், கூடவே ஆப்கானிஸ்தானையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே நாடு உஸ்பெகிஸ்தான். மக்கள்தொகையும் இங்கேதான் அதிகம். ஆனால் தண்ணீர் அடுத்தவர் மலையிலிருந்து வருகிறது: அமு தரியா பெரும்பாலும் தாஜிகிஸ்தானிலிருந்து, சிர் தரியா கிர்கிஸ்தானிலிருந்து. மேலே இருப்பவருக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும். அப்போது அணையைத் திறந்துவிட வேண்டும். கீழே இருப்பவருக்குக் கோடையில் பருத்தி வயலுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்குக் குளிர்காலத்தில் அணையை மூடி வைக்க வேண்டும். சோவியத் காலத்தில் மாஸ்கோ இதைப் பண்டமாற்றாக நடத்தியது. கோடையில் மேலிருந்து தண்ணீர் இறங்கும், குளிர்காலத்தில் கீழிருந்து எரிவாயுவும் நிலக்கரியும் மேலே போகும். மாஸ்கோவின் ஆட்சி போனதும் அந்த ஏற்பாடும் போயிற்று. தாஜிகிஸ்தான் வக்‌ஷ் ஆற்றில் 335 மீட்டர் உயரத்துக்கு ரோகுன் அணையைக் கட்டியே தீருவேன் என்றது. கட்டி முடிந்தால் உலகிலேயே உயரமான அணை. 2012 செப்டம்பரில் கரிமோவ் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் பேசும்போது, தண்ணீர்ப் பிரச்சினை போரில்கூட முடியலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்.

பேச்சோடு நிற்கவில்லை. எல்லையில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். தாஷ்கண்டுக்கும் துஷான்பேக்கும் இடையே 1992இல் நின்ற விமானம் மீண்டும் பறக்கவில்லை. இரண்டு நாட்டாருக்கும் விசா கட்டாயம். தெற்குத் தாஜிகிஸ்தானுக்குப் போகும் ரயில் பாதையை 2011இல் ஒரு பாலத்தில் நடந்த வெடிப்பைக் காட்டி மூடிவிட்டார்கள். கிர்கிஸ் பக்கமும் நிலைமை மோசம். கரிமோவ் இறப்பதற்குச் சில நாள் முன்பு, 2016 ஆகஸ்ட் இறுதியில், உஸ்பெக் போலீசார் ஹெலிகாப்டரில், இரு நாடுகளும் உரிமை கோரிய எல்லைப்புற உங்கார்-தோ மலையில் இறங்கி, அங்கிருந்த கிர்கிஸ் ஒளிபரப்பு நிலைய ஊழியர்களைப் பிடித்து வைத்தார்கள்.

இந்தக் காலத்தில் கமிலோவ் செய்த ஒரே வெளிச்சமான காரியம், 2015 நவம்பரில் சமர்கண்டில் ஐந்து நாட்டு வெளியுறவு அமைச்சர்களையும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரியையும் ஒன்றாக உட்கார வைத்தது. ஒருவரோடொருவர் பேசாதவர்களை ஒரே அறைக்குக் கொண்டுவர அமெரிக்கா தேவைப்பட்டது.

2016: என்ன மாறியது, என்ன மாறவில்லை

மிர்சியோயெவ் வந்ததும் எல்லாம் மாறியது என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 2016 ஜூலையில், பிரதமராக இருந்தபோது, ரோகுன் அணையைக் கடுமையாக எதிர்த்து தாஜிக் பிரதமருக்குக் கடிதம் எழுதியவரும் இதே மிர்சியோயெவ்தான். அப்படிப்பட்டவர் பதவிக்கு வந்த மூன்று மாதத்தில் மனம் திருந்திவிட்டார் என்று நம்புவதைவிட, கணக்கு மாறியது என்று பார்ப்பது நல்லது. ஒரு பக்கமும் கடல் இல்லாத, கடலைத் தொட இரண்டு எல்லை கடக்க வேண்டிய நாட்டுக்கு, அண்டை நாட்டோடு சண்டை என்பது ஏற்றுமதிக்குத் தானே போட்டுக்கொள்ளும் பூட்டு. பொருளாதாரத்தைத் திறக்க நினைத்த புதிய ஜனாதிபதிக்கு அந்தப் பூட்டு வேண்டாமல் போயிற்று.

சரி, இதில் கமிலோவ் என்ன செய்தார்? முடிவு அவருடையதாக இருக்க வாய்ப்பில்லை. தாஷ்கண்டில் அந்த மாதிரி முடிவுகள் ஜனாதிபதி மாளிகையில்தான் எடுக்கப்படும். அமைச்சர் கையில் இருந்தவை மூன்று: எப்போது சொல்வது, என்ன வார்த்தையில் சொல்வது, முன்பு என்ன பேசினோம் என்ற நினைவு.

முதலாவது, நேரம். தேர்தல் டிசம்பர் 4 அன்று. அதுவரை மிர்சியோயெவ் இடைக்கால ஜனாதிபதி மட்டுமே. அவரே துஷான்பே போயிருந்தால், உள்ளூரில் பழைய ஆட்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். பேச்சு சரியாகப் போகாவிட்டால் பழி அவர் மேல் விழும். அமைச்சர் போனால் இரண்டுமே இல்லை. உங்கார்-தோவில் பிடிபட்டவர்களை விடுவித்து, போலீசைத் திரும்பப் பெற்றது செப்டம்பரில். அதன் பிறகே கமிலோவ் பிஷ்கெக் போனார். முதலில் முள்ளை எடுத்துவிட்டு அப்புறம் கை குலுக்கப் போவது என்ற வரிசை தற்செயலாக வருவதில்லை.

2016 அக்டோபர் 29 அன்று ரஹ்மோன் தானே புல்டோசரில் ஏறி வக்‌ஷ் ஆற்றைத் திருப்பிவிட்டு ரோகுன் வேலையைத் தொடங்கி வைத்தார். முந்தைய ஆண்டுகளில் என்றால் தாஷ்கண்டிலிருந்து நெருப்புக் கக்கும் அறிக்கை வந்திருக்கும். இந்த முறை சத்தமே இல்லை. அந்த மௌனமும் ராஜதந்திர வேலைதான். ஒருவேளை அந்த ஆண்டின் மிக முக்கியமான வேலை.

இரண்டாவது, வார்த்தை. 2017 ஜூலையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கமிலோவ் ரோகுன் பற்றிப் பேசினார். சாரம் இதுதான்: கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கைகள் தரும் உத்தரவாதங்களைக் காப்பாற்றுங்கள். எதிர்ப்பைக் கைவிடுகிறோம் என்று அவர் சொல்லவில்லை. பழைய நிலைப்பாடு தவறு என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. "கட்டக் கூடாது" என்பதிலிருந்து "விதிப்படி கட்டு" என்பதற்கு நகர்ந்துவிட்டு, இரண்டும் ஒரே கொள்கைதான் என்பதுபோலப் பேசினார். கரிமோவ் காலத்து அமைச்சரே இப்படிப் பேசியதால்தான் உள்நாட்டில் அது சரணாகதியாகத் தோன்றவில்லை. புதிதாக வந்த ஒருவர் சொல்லியிருந்தால் தோன்றியிருக்கும். ஆளை மாற்றாமல் வைத்திருந்ததன் லாபம் இங்கேதான் தெரிகிறது.

பலன்கள் வேகமாக வந்தன. 2017 ஏப்ரலில் துஷான்பே விமானம். அந்த செப்டம்பரில் மிர்சியோயெவ் பிஷ்கெக் போனபோது உஸ்பெக்-கிர்கிஸ் எல்லையில் ஏறத்தாழ 85 சதவீதத்துக்கு ஒப்பந்தம். ஓஷ் நகருக்கு அருகே முக்கிய எல்லைச் சாவடி திறப்பு. 2018 மார்ச்சில் தாஜிகிஸ்தானுடன் 30 நாள் விசா இல்லாப் பயணம். மூடிக் கிடந்த ரயில் பாதையும் திறந்தது. அதே மாதம் அஸ்தானாவில் மத்திய ஆசியத் தலைவர்களின் முதல் ஆலோசனைக் கூட்டம், வெளி வல்லரசு எதுவும் இல்லாமல். 2019 ஜனவரியில் சமர்கண்டில் சுஷ்மா ஸ்வராஜும் கமிலோவும் சேர்ந்து நடத்திய முதல் இந்தியா-மத்திய ஆசியப் பேச்சுவார்த்தையும் இந்தத் திறப்பின் நீட்சி. ஈரானின் சாபஹார் துறைமுகம்வரை பேச்சு போனது.

எல்லாம் சுமூகம் என்று நினைக்க வேண்டாம். 2017இல் ஒதுக்கி வைத்த மீதி எல்லையில்தான் கெம்பிர்-அபாத் நீர்த்தேக்கம் இருந்தது. கமிலோவ் போன பிறகு, 2022 நவம்பரில், அது உஸ்பெகிஸ்தானுக்கும் பதிலாக வேறு நிலம் கிர்கிஸ்தானுக்கும் என்று ஒப்பந்தமானது. மூடிய அறையில் முடிவெடுக்கிறார்கள் என்று கேள்வி கேட்ட கிர்கிஸ் அரசியல்வாதிகளும் ஆர்வலர்களும் 20க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2024இல்தான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இரண்டு அரசுகள் சமாதானமாவதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிறையில் விலை கொடுத்தார்கள். இந்தப் பாணி ராஜதந்திரத்தைப் பாராட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

காபூல்

மூன்றாவதாகச் சொன்ன நினைவு பயன்பட்ட இடம் ஆப்கானிஸ்தான். 2018 ஆகஸ்டில், அமெரிக்கா தாலிபானோடு நேரடியாகப் பேசத் தொடங்கிய நேரத்தில், கத்தார் தலைநகர் தோஹாவிலிருந்து ஷேர் முகமது அப்பாஸ் ஸ்தானிக்சாய் தலைமையில் ஒரு தாலிபான் குழு தாஷ்கண்ட் வந்து கமிலோவைச் சந்தித்தது. 1999இல் அவர்களை அழைத்த அதே அமைச்சர், அதே நகரம்.

2021 ஜூலையில் தாஷ்கண்டில் மத்திய ஆசியாவையும் தெற்காசியாவையும் இணைக்கும் பெரிய மாநாடு. ஆப்கான் ஜனாதிபதி அஷ்ரப் கனி, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான், ரஷ்ய, சீன, இந்திய வெளியுறவு அமைச்சர்களான லாவ்ரோவ், வாங் யி, ஜெய்சங்கர் எல்லோரும் இருந்தார்கள். சரியாக ஒரு மாதத்தில் தாலிபான் காபூலைப் பிடிக்க, கனி ஓடிவிட்டார். அவருடைய ராணுவத்தின் 46 விமானங்களும் ஹெலிகாப்டர்களும் எல்லை தாண்டி உஸ்பெகிஸ்தானில் இறங்கின. தாலிபான் அவற்றைத் திருப்பிக் கேட்டது. இப்படி ஒரு தலைவலி இருந்தும், அக்டோபர் 7 அன்று கமிலோவ் காபூலில் இருந்தார். அடுத்த வாரம் தாலிபான் துணைப் பிரதமர் அப்துல் சலாம் ஹனாஃபி எல்லை நகரமான தெர்மெஸுக்கு வந்தார். தாஜிகிஸ்தான் தாலிபானோடு பேச மறுத்துக் கொண்டிருந்தது. தாஷ்கண்ட் அங்கீகரிக்காமலே மின்சாரமும் ரயில் பாதையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

செனட் உரை

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. உஸ்பெகிஸ்தானின் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ரஷ்யாவில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல கிராமங்கள் ஓடுகின்றன. மிர்சியோயெவ் ரஷ்யாவைப் "புரிந்துகொள்வதாக"ச் சொன்னார் என்று கிரெம்ளின் அறிவித்தது. மறுநாளே உஸ்பெக் ஜனாதிபதியின் செய்தித் தொடர்பாளர், நாங்கள் நடுநிலை என்று திருத்தினார். மார்ச் 2 அன்று ரஷ்யாவைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பில் உஸ்பெகிஸ்தான் கலந்துகொள்ளவே இல்லை.

மார்ச் 17 அன்று கமிலோவ் செனட்டில் எழுந்தார். போர் உடனே நிற்க வேண்டும். உக்ரைனின் சுதந்திரத்தையும் இறையாண்மையையும் நிலப்பரப்பு ஒருமைப்பாட்டையும் அங்கீகரிக்கிறோம். கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவாளர்கள் அறிவித்த லுஹான்ஸ்க், டோனெட்ஸ்க் குடியரசுகளை அங்கீகரிக்கவில்லை என்றார். மத்திய ஆசிய அரசு எதுவும் அதுவரை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. அதன் பிறகு அவரைப் பொதுவெளியில் காணோம். உடல்நிலை காரணமாகச் சிகிச்சை என்றது அமைச்சகம். ஏப்ரல் இறுதியில் விளாதிமிர் நோரோவ் அமைச்சரானார். கமிலோவ் ஜனாதிபதியின் கீழுள்ள பாதுகாப்புக் கவுன்சிலின் துணைச் செயலாளரானார்.

மாஸ்கோவின் கோபத்துக்குப் பலியானார் என்று அப்போது பலர் எழுதினார்கள். கவர்ச்சியான கதைதான், ஆனால் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அவருக்கு வயது 74. போன இடம் வெளியுறவையும் பாதுகாப்பையும் கவனிக்கும் பதவி. பின்னர் வெளியுறவு விவகாரங்களில் ஜனாதிபதியின் சிறப்புப் பிரதிநிதியாகவும் தொடர்ந்தார். தண்டிக்கப்பட்டவருக்கு இப்படி நாற்காலி கிடைக்காது. எல்லாவற்றையும்விட, அவர் சொன்னதை தாஷ்கண்ட் திரும்பப் பெறவில்லை. ரஷ்யா பிறகு உக்ரைனின் நான்கு பகுதிகளை இணைத்துக்கொண்டபோதும் அங்கீகரிக்கவில்லை. உரை நிகழ்த்திய விதத்தைக் கவனித்தால் போதும்: நியூயார்க்கில் அல்ல, உள்நாட்டு செனட்டில், ஜனாதிபதி அல்ல, பதவிக்காலம் முடியப்போகிற மூத்த அமைச்சர். சொல்லவும் வேண்டும், சொன்னவர் மேல் பாரம் நிற்கவும் கூடாது என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. 2016இல் துஷான்பேக்கு அனுப்பப்பட்ட அதே காரணத்துக்காகத்தான் 2022இல் அவர் மேடையேற்றப்பட்டார் என்பது என் வாசிப்பு.

பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கஜகஸ்தானின் காசிம்-ஜோமார்ட் டோகாயெவும் 1990களில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஆனால் அவர் ஜனாதிபதி ஆகிவிட்டார். 2022 ஜூன் மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், பக்கத்தில் புட்டின் உட்கார்ந்திருக்க, இதே கருத்தை அவரே சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் நிறுத்த ஒரு கமிலோவ் இல்லை.

அமைச்சர் நாற்காலி 2022 டிசம்பர் இறுதியில் பக்தியோர் சைதோவிடம் போனது. அவர் மேஜையில் இருக்கும் கடினமான கோப்பு அமு தரியாவில்தான் வருகிறது. தாலிபான் 2022 முதல் தோண்டும் கோஷ் தெபா கால்வாய், 285 கிலோமீட்டர் நீளம், அமு தரியா நீரை ஆப்கான் வடக்குக்குத் திருப்பும். ரோகுன் விஷயத்தில் "நீங்கள் கையெழுத்திட்டதை மதியுங்கள்" என்று கமிலோவால் சொல்ல முடிந்தது. நதிநீரைப் பங்கிட்டு ஐந்து நாடுகளும் 1992இல் அல்மாட்டியில் போட்ட ஒப்பந்தத்தில் ஆப்கானிஸ்தான் இல்லை. அந்தத் தாளை தாலிபானிடம் எடுத்துக் காட்ட தாஷ்கண்டால் முடியாது.